அறுபத்து நான்கு காலி நாற்காலிகள்

ஒரு மனிதன் குறை ஒன்றும் இல்லாமல் வாழ்ந்து முடிக்க எவ்வளவு இடம் வேண்டும்?

ஞானிகள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஆயிரம் பக்கம் எழுதினார்கள்; பதிலை மட்டும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் அலுவலகத்து நான்காவது மாடியில் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார்: முப்பத்திரண்டு கிலோபைட். சிக்கனமாக இருந்தால் அதிலும் அறுபத்து நான்கு பைட் மிச்சம் பிடிக்கலாம்.

வாசகரே, இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகும் இனத்தின் பெயர் பைட் கஞ்சர். பணக் கஞ்சரை உங்களுக்குத் தெரியும். அவர் பழைய இனம், எல்லாத் தெருவிலும் கிடைப்பார். பைட் கஞ்சர் அப்படியல்ல. கேட்டால் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். ஒரு பைட் கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுக்கு?" என்பார். அந்த 'எதுக்கு'வுக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர் எவரும் இல்லை.

பைட் என்றால் என்ன? ஒரு கருவியின் நினைவகத்தை மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைட் அதில் ஒரு நாற்காலி. ஓர் எழுத்தோ ஒரு சின்ன எண்ணோ அதில் உட்காரலாம். மடியில் இன்னொன்றை உட்கார்த்த முடியாது. உங்கள் கைப்பேசியில் இருப்பது கோடிக்கணக்கான நாற்காலிகள் போட்ட மண்டபம். அதில் யார் வீட்டுப் பூனையோ கொட்டாவி விடும் படம் ஒன்று மட்டுமே முப்பது லட்சம் நாற்காலிகளை வளைத்துப்போட்டுப் படுத்திருக்கும்; நீங்களும் கேட்பதில்லை, பூனையும் எழுந்திருப்பதில்லை. ஆனால் நீங்கள் தினமும் ஏறி இறங்கும் லிஃப்டை ஓட்டுகிற சின்னஞ்சிறு சிப்புக்குள் மொத்தமே முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் நாற்காலிகள்தாம். கதவு மூடியிருக்கிறதா, கூண்டு எந்த மாடியில் நிற்கிறது, ஏறியிருப்பவர்களின் எடை தாங்குமா, வேகம் மீறுகிறதா, மீறினால் என்ன செய்வது, எல்லாமும் அதற்குள்ளேயே உட்கார்ந்தாக வேண்டும். சரியாக உட்கார்ந்தால் நீங்கள் ஆறாவது மாடியில் இறங்குவீர்கள். தவறாக உட்கார்ந்தால் எங்கே இறங்குவீர்கள் என்பதை நான் எழுதுவதில்லை.

நான் எழுதுவது கையேடு. எங்கள் நிறுவனத்தின் லிஃப்டுகளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு உண்டு. அதை அந்த லிஃப்டின் நினைவகத்திலேயே ஏற்றிப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூட நுழையாது. என் எழுத்தைப் பற்றி நம் கஞ்சர் சொன்ன ஒரே விமரிசனம் இதுதான். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அலுவலகத்தில் அவருக்கு முப்பத்திரண்டு சார் என்று பெயர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் முப்பத்திரண்டு. அவருக்கு இது தெரியும். பெயரைச் சுருக்கியதில் சந்தோஷம்கூட இருந்திருக்கலாம்.

"சார், ஊர் உலகத்துல மெமரி கொட்டிக் கிடக்கு. ஒரு பெரிய சிப்பா வாங்கிப் போட்டுட்டா என்ன?" என்று எங்கள் விற்பனை மேலாளர் ஒரு நாள் கேட்டார். இளைஞர். எதையும் போட்டுவிடலாம் என்று நம்புகிற வயது.

"போடலாமே. பதினெட்டாயிரம் லிஃப்ட் ஓடிக்கிட்டு இருக்கு. ஒவ்வொண்ணா மேல ஏறி நீயே மாத்திட்டு வா. ஒவ்வொண்ணுக்கும் மறுபடி சோதனை, மறுபடி சான்றிதழ். கடைசி லிஃப்டுக்கு உன் பேரன் வந்து ரிப்பன் வெட்டுவான்."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே சார்."

"அதத்தான் சொல்றேன்."

நியாயம்தான். தன் தொழிலை ஒழுங்காகச் செய்கிற மனிதர். அதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் இந்த இனத்துக்கு ஒரு வியாதி உண்டு. சிப்புக்குள் எழுதிய சட்டத்தை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போய்விடும். அங்கே என்ன நடக்கிறது என்பது அவர் மனைவி வழியாக என் மனைவிக்கும், என் மனைவி வழியாக எனக்கும் வந்து சேரும். நடுவில் எதுவும் சேர்க்கப்படவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அவருடைய முதல் சட்டம்: ஓடத் தொடங்கிய பிறகு யாரும் இடம் கேட்கக் கூடாது. நிரலில், அதாவது புரோகிராமில், யார் யாருக்கு எத்தனை நாற்காலி என்பது முதலிலேயே ஒதுக்கப்பட்டுவிடும். நடுவழியில் ஒருவர் எழுந்து "எனக்கு இன்னும் ரெண்டு" என்று கேட்டு, இல்லை என்று தெரியவந்தால், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே தொங்குகிறவர்களிடம் யார் போய் மன்னிப்புக் கேட்பது? லிஃப்டுக்கு இது வேதவாக்கு. வீட்டுக்கு?

வீட்டில் மூன்று பேர்: அவர், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன். நாற்காலி நான்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் தன் மனைவி, குழந்தையோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து மணியடித்தார். முப்பத்திரண்டு கதவைத் திறந்தார். வந்தவர்களை எண்ணினார். உள்ளே திரும்பி நாற்காலியை எண்ணினார்.

"ஒருத்தர் உள்ள வரலாம்."

"என்ன அத்தான், அக்கா வீட்டுக்கு வர்றதுக்கு டோக்கன் வாங்கணுமா?"

மனைவி ஓடிவந்து பாய் விரித்து மானத்தைக் காப்பாற்றினாள். ஆனால் அன்று அவள் மனத்தில் ஐந்தாவது நாற்காலி ஒன்று முளைத்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செயலையும் எல்லையில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது என்பது இன்னொரு சட்டம். கதவு மூடவில்லையா? மூன்று முறை முயல், நிறுத்து, மணியடி. அதனால் மகனை எழுப்புவதும் மூன்றே முறைதான். நான்காம் முறை வீடே தீப்பற்றினாலும் கூப்பிட மாட்டார். மகன் இதைப் பத்து வயதிலேயே கண்டுபிடித்துவிட்டான். கண்ணைத் திறக்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு நிம்மதியாகத் தூக்கத்தைத் தொடர்வான். கடைசியில் மணியடிப்பது அவன் அம்மா. கையில் கரண்டியும் தட்டும்.

கூடத்துச் சுவரில் வரிசையாக மூன்று கடிகாரங்கள். ஒன்று பொய் சொன்னாலும் மற்ற இரண்டும் அதைத் தோற்கடித்துவிடும். பெரும்பான்மை சொல்வதே நேரம். லிஃப்டின் உணர்கருவிகளுக்கு இது அருமையான ஏற்பாடு. ஒரு நாள் பேட்டரி தளர்ந்துபோய் இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தில் நின்றன. சரியாக ஓடிய மூன்றாவது தனித்துவிட்டது. முப்பத்திரண்டு பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டுச் சாவகாசமாகச் செய்தித்தாள் படித்தார். பேருந்து போய்விட்டது. அலுவலகத்துக்கு வந்து, "முறை சரிதான், கடிகாரம்தான் தப்பு" என்றார். இப்படிப் பேசிய அறிஞர்களை நான் நூலகத்தில் நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்களும் பேருந்தைத் தவறவிட்டவர்களே.

எல்லாவற்றுக்கும் சிகரம், பாதுகாப்பான நிலை. என்ன செய்வதென்று தெரியாதபோது எதுவும் செய்யாதே, அப்படியே நில், சிவப்பு விளக்கைப் போடு. இதுதான் லிஃப்டின் தர்மம். வீட்டில் வாக்குவாதம் முற்றும்போது முப்பத்திரண்டும் கூடத்தின் நடுவில் அப்படியே நின்றுவிடுவார். அசைவு இருக்காது. பேச்சு இருக்காது. காது மட்டும் சிவந்திருக்கும்.

"பாரு, நின்னுட்டாரு," என்பாள் மனைவி மகனிடம். "சுத்திப் போய் உக்காரு. தானா ஓடினாத்தான் உண்டு."

இத்தனையும் அவள் பொறுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தான் பேசும்போது அவர் 'உம்' கொட்ட வேண்டும்.

அது மட்டும் நடக்கவில்லை.

"கேக்குறீங்களா?"

அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். சொன்னதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லவும் சொல்வார். ஆனால் 'உம்' வராது.

"நான் கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லிடுவேன். சொல்லலைன்னா கேக்குறேன்னு அர்த்தம். ஒண்ணுமில்லாத ஒரு சத்தத்தை எதுக்கு வீணா அனுப்பணும்?"

இந்த இடத்தில் நீங்கள் ஒரு தொழில் ரகசியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சிப்புக்குள் ஒரு காவல்நாய் இருக்கிறது. கடிக்காது, குரைக்காது, அது ஒரு கடிகாரம். நிரல் என்ன வேலையில் இருந்தாலும் குறித்த நேரத்துக்குள் அதன் தலையைத் தட்டி 'இருக்கிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். தட்டவில்லையென்றால், நிரலுக்கு மயக்கம் வந்துவிட்டது என்று காவல்நாய் முடிவு கட்டும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிடும். அதாவது, அவர் எழுதிய நிரலில் மௌனத்துக்கு 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று பொருளே கிடையாது. மௌனம் என்றால் ஆள் அவுட். பதினெட்டாயிரம் லிஃப்டுகளுக்கும் 'உம்' கொட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒரு மனைவிக்குக் கொட்ட முடியவில்லை.

இதைவிட வேடிக்கை, அவர் எப்போதாவது எதையாவது விளக்க ஆரம்பித்தால் கேட்பவர் 'உம்' கொட்டியாக வேண்டும். பத்து வினாடி நாம் சும்மா இருந்துவிட்டால், "சரி, மொதல்லேருந்து வருவோம்" என்று தொடங்கிவிடுவார். ஒரு பிற்பகலில் எனக்குக் கதவின் இயக்கத்தை நான்கு முறை விளக்கினார். மூன்று முறை நான் யோசித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். யோசிப்பது ஆபத்து என்பதை எனக்குக் கற்பித்த ஒரே ஆசிரியர் அவர்.

இனி அந்த அறுபத்து நான்கு.

மண்டபத்தின் கடைசி வரிசையில் அறுபத்து நான்கு நாற்காலிகளைக் கயிறு கட்டி மறித்து வைத்திருந்தார் முப்பத்திரண்டு. பத்தொன்பது வருடமாகக் காலி. யார் கண்ணிலும் அதுதான் உறுத்தும். பொது மேலாளர் அதில் நிறுவனத்தின் பெயரை ஓடவிடக் கேட்டார், கிடைக்கவில்லை. பழுது பார்க்கும் பிரிவினர், பழுதின் எண்ணை மட்டும் காட்டாமல் ஒரு வார்த்தையாவது காட்டச் சொன்னார்கள்; கிடைக்கவில்லை. விற்பனை மேலாளருக்கு ஒரு வரவேற்பு இசை வேண்டும்.

"சின்ன ட்யூன் சார். டிங் டிங் டிடிங். அவ்வளவுதான். எல்லாக் கம்பெனி லிஃப்டும் பாடுது, நம்மது மட்டும் துக்க வீடு மாதிரி இருக்கு."

"இடம் இல்லை."

"அறுபத்து நாலு இருக்கே!"

"அது இருப்பு."

"எதுக்கு சார் அந்த இருப்பு?"

"தெரியாது. தெரியாததுக்குத்தான் வெச்சிருக்கேன்."

இதை நான் என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கொசுக்கடியைப் பற்றியும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்து லிஃப்ட்தான் எங்கள் சோதனைச்சாலை. ஒவ்வொரு புதிய பதிப்பும் ஊருக்குப் போகும் முன்னால் அதில்தான் ஓடிப்பார்க்கும். எங்கள் படிக்கட்டுகள் ஏன் அவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று இப்போது உங்களுக்குப் புரியும். ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு முப்பத்திரண்டின் மனைவி அவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்த லிஃப்டில் ஏறினாள். (மூன்று கடிகாரம் வைத்திருப்பவரிடம் ஏன் ஒரே கண்ணாடி என்று கேட்டிருக்கிறேன். "கண்ணே ரெண்டு இருக்கே" என்றார்.) ஏறும் அவசரத்தில் அவளுடைய கைப்பையின் வார் கதவிடுக்கில் மாட்டியதை அவள் கவனிக்கவில்லை. கூண்டு மேலே கிளம்பியது, வார் இழுபட்டது, கதவு ஒரு நூல் அகன்றது. கதவைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு உணர்கருவிகளில் ஒன்று "மூடியிருக்கிறது" என்றது; மற்றது "இல்லை" என்றது.

இருவரும் முரண்பட்டால் லிஃப்ட் என்ன செய்யும்? முப்பத்திரண்டு கூடத்தில் செய்வதைத்தான் செய்யும். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றது. மணி அடித்தது. எண் பலகையில் சிவப்பாக '17' என்று வந்தது.

நாங்கள் நான்காவது மாடிக் கதவுக்கு ஓடினோம். கீழேயிருந்து கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்னங்க... இருக்கீங்களா?"

முப்பத்திரண்டின் முகம் காகிதமாய் வெளுத்தது. ஆனால் குரல் நிதானமாகவே வந்தது. "இருக்கேன். பயப்படாத. நீ இப்ப ரொம்பப் பாதுகாப்பான நிலையில இருக்க."

"எனக்கு அப்படித் தெரியலையே!"

விற்பனை மேலாளர் அவர் காதோடு சொன்னார்: "சார், நீங்க எழுதின புரோகிராம்தானே? லேப்டாப்ல ஏதாவது தட்டிக் கீழ இறக்கிடுங்களேன்."

"முடியாது."

"உங்களாலயுமா?"

"யாராலயும் முடியாதபடிதான் எழுதியிருக்கேன்."

கதவு மூடியதா என்று தெரியாத லிஃப்டைத் தூரத்திலிருந்து எவரும் நகர்த்தக் கூடாது. மேலே இயந்திர அறையில் சாவி போட்டு, கண்ணால் பார்த்து, கையால்தான் இறக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் அதற்குத் தகுதி பெற்றவர் மெக்கானிக் ஒருவர்தான். அவர் ஊரின் மறுகோடியில் ஒரு வேலையில் இருந்தார். வர நாற்பது நிமிடம் ஆகும். அந்த மெக்கானிக் இல்லாமல் வேறெவரும் தொடக் கூடாது என்ற விதியை எழுதியது யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

"நாப்பது நிமிஷமா?" என்றாள் கூண்டிலிருந்து. பிறகு, "சரி. அப்ப நான் திங்கக்கிழமையிலேருந்து சொல்லணும்னு இருக்கிற விஷயத்தச் சொல்றேன். நீங்க எங்கயும் போக முடியாது, நானும் போக முடியாது."

ஆரம்பித்தாள். திங்கட்கிழமை காலை தையல்காரரிடம் போகக் கிளம்பியதும், பாதி வழியில் செருப்பு அறுந்ததும், செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு மரச்சாமான் கடை நிழலில் ஒதுங்கியதும், அந்தக் கடைக்காரர் இவளைப் பிச்சைக்காரி என்று நினைத்து "அப்புறம் வாம்மா" என்றதும் வந்தது. முப்பத்திரண்டு கதவில் காதை வைத்து ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல் வாய் திறக்கவில்லை.

"கேக்குறீங்களா?"

பதில் இல்லை.

"சத்தத்தையே காணோம். ஆளு போயிட்டாரு போல. சரி, மொதல்லேருந்து வருவோம். திங்கக்கிழமை காலையில தையக்காரர்கிட்ட போகலாம்னு கெளம்பினேனா..."

இருபத்திரண்டு வருடம் அவரோடு வாழ்ந்தவள். பாடம் நன்றாகப் படித்திருந்தாள். செருப்பு மறுபடி அறுந்தது. கடைக்காரர் மறுபடி "அப்புறம் வாம்மா" என்றார். மூன்றாம் முறை செருப்பு அறுந்தபோது விற்பனை மேலாளரால் தாங்க முடியவில்லை. கைகூப்பிவிட்டார்.

"சார், உங்க காலப் பிடிக்கிறேன், ஒரு உம் போடுங்க சார்! அந்தம்மா அந்தக் கடைக்குள்ள போகட்டும்!"

முப்பத்திரண்டு எங்களைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"உம்."

"...கடைக்குள்ள போனேன்," என்றாள்.

அதன் பிறகு பத்து வினாடிக்கு ஒரு உம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி தவறாமல் கொட்டினார். கடைக்குள் பீரோக்கள் இருந்தன, உம். ஒரு கட்டில், அதன் ஒரு கால் குட்டை, உம். பதினைந்தாவது நிமிடம் கதை ஒரு மூலையில் கிடந்த மேசைக்கு வந்தபோது பேச்சு நின்றது.

முப்பத்திரண்டு, "உம்?" என்றார்.

பதில் இல்லை.

"உம்." இம்முறை சத்தமாக. "ஏய்... என்னாச்சு?"

"விசிறி நின்னுடுச்சுங்க." அவள் குரல் சுருங்கியிருந்தது. "லைட்டும் போயிடுச்சு."

பேட்டரியைக் காப்பாற்ற, நின்ற கூண்டில் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு விசிறியும் பெரிய விளக்கும் அணைந்துவிட வேண்டும். மணியும் எண் பலகையும் மட்டும் கடைசிவரை இருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டவர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணு மட்டும் எரியுது. சிவப்பா பதினேழுன்னு. பதினேழுன்னா என்னங்க?"

அவர் காது சிவந்தது. நின்றுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

"பதினேழுன்னா, நான் வெளியில நிக்கிறேன்னு அர்த்தம்."

கையேட்டின் எண்பத்தெட்டாம் பக்கத்தில் அப்படி இல்லை. எழுதியவன் நான். பதினேழு என்றால் 'உணர்கருவிகள் இரண்டும் முரண்படுகின்றன' என்று பொருள். அந்த வராந்தாவில் எவரும் அதைத் திருத்த முன்வரவில்லை.

"அப்ப சரி," என்றாள் அவள். மேசைக்குப் பின்னாலிருந்து கதை மறுபடி நகர்ந்தது. "மேசைக்குப் பக்கத்துல ஒரு கை வெச்ச நாற்காலி. தேக்கு."

"உம்."

"உக்காந்து பாத்தேன். எந்திரிக்கவே மனசு வரல."

"உம்."

"வாங்கிட்டேன்."

பத்து வினாடி கடந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று, பன்னிரண்டு. இனி திங்கட்கிழமைதான், செருப்புதான், என்று விற்பனை மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அஞ்சாவது நாற்காலி," என்றாள் அவள் மெதுவாக. "உங்களக் கேக்காமத்தான் வாங்கினேன். கேட்டா எதுக்கும்பீங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. யாராவது வந்தா உக்காரட்டுமேன்னு."

"உம்," என்றார் முப்பத்திரண்டு.

அந்த நாற்காலி நான்கு நாளாக என் வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்பதையும், இரவில் அதில் உட்கார்ந்துதான் நான் படித்துவருகிறேன் என்பதையும் அப்போது சொல்வது முறையாகப் படவில்லை. மிக நல்ல நாற்காலி. இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம்.

மெக்கானிக் வந்து கூண்டைக் கையால் இறக்க மேலும் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அத்தனை நிமிடமும் உம். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. அவள் தலையைச் சரி செய்துகொண்டு வெளியே வந்து, முதல் வேலையாக மூக்குக்கண்ணாடியை நீட்டினாள்.

"இந்தாங்க. நடுவுல ஒரு கதவு இருந்தாத்தான் உங்களுக்குக் காது கேக்குது போல. வீட்டுக்கும் ஒண்ணு மாட்டிடலாமா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்காலி அன்று மாலையே என் வீட்டிலிருந்து போய்விட்டது. அதன் பிறகு என் படிப்பு குறைந்துவிட்டது.

அடுத்த வாரம் விற்பனை மேலாளர் நல்ல சகுனம் என்று எண்ணி மறுபடி போய் நின்றார். "சார், அந்த ட்யூன்..."

"இடம் இல்லை."

"அறுபத்து நாலு?"

"போச்சு."

மேலாளர் திறந்த வாயோடு என்னிடம் வந்தார். பத்தொன்பது வருட இருப்பு! யாருக்குப் போனது? பொது மேலாளருக்குப் போகவில்லை, பழுது பார்ப்பவர்களுக்கும் போகவில்லை. அது எங்கே போயிற்று என்பது சான்றிதழுக்காக ஆய்வாளர் அம்மா வந்தபோதுதான் தெரிந்தது.

அவரும் அதே இனம். பாதுகாப்புக்கான நிரலில் காரணமில்லாமல் ஒரு வரியும் இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். ஒவ்வொரு வரியும் ஒரு தேவையைச் சுட்ட வேண்டும். ஒவ்வொரு தேவைக்கும் எதிரே ஒரு காரணம் எழுதியிருக்க வேண்டும். முப்பத்திரண்டின் அட்டவணை இந்த விஷயத்தில் இலக்கியம். 'கதவு மூடாமல் கூண்டு நகரக் கூடாது. காரணம்: ஆள் விழுவார்.' 'எடை மிகுந்தால் கூண்டு நகரக் கூடாது. காரணம்: எல்லோரும் விழுவார்கள்.' ஆய்வாளர் அம்மா ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் புதிதாக முளைத்திருந்த நூற்று நாற்பத்தோராம் தேவையில் நின்றார்.

'நடுவில் நின்றுவிட்ட கூண்டு, ஆள் வெளியேறும்வரை, பத்து வினாடிக்கு ஒரு முறை மெல்ல ஒலிக்க வேண்டும்.'

"மணிதான் ஏற்கெனவே இருக்கே சார்?"

"அது வெளியில இருக்கிறவங்களுக்கு."

"இது?"

"உள்ள."

"சரி. காரணம்ங்கிற கட்டம் காலியா இருக்கே."

"ஆமா."

"நிரப்பிக் குடுங்க."

"இடம் இல்லை," என்றார் முப்பத்திரண்டு.

ஆய்வாளர் அம்மா அந்தக் கட்டத்தைப் பார்த்தார். அதில் ஒரு குடும்பமே பாய் விரித்துப் படுக்கலாம். அவர் பேனாவை மூடினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு திறந்து, கையெழுத்துப் போட்டார். காரணமில்லாத ஒரு வரிக்கு அவர் கையெழுத்திட்டது வாழ்நாளில் முதல் தடவையாக இருக்கும்.

இப்போது ஊரில் எங்கள் லிஃப்ட் எங்காவது நடுவில் நின்றுபோனால், மேலேயிருந்து சின்னதாக ஒரு சத்தம் பத்து வினாடிக்கு ஒரு முறை வரும். மெக்கானிக்குகள் அதை உம் கொட்டுகிற லிஃப்ட் என்கிறார்கள். விற்பனை மேலாளர் அதையே விளம்பரத்தில் போட்டுவிட்டார்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நல்லவேளை, நமக்குக் கோடிக்கணக்கில் நாற்காலிகள் இருக்கின்றன, நாம் இந்த இனம் இல்லை என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து பக்கத்து அறையில் யாரோ உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அதற்கு நீங்கள் கடைசியாக எப்போது உம் கொட்டினீர்கள்? பத்து வினாடிக்கு மேல் ஆகியிருக்கும். தயாராக இருங்கள். செருப்பு மறுபடி அறுபடப்போகிறது.

கையேட்டின் புதிய பதிப்பில் அந்தச் சத்தத்தைப் பற்றி இரண்டு வரி சேர்க்க வேண்டியிருந்தது. எதற்கு என்று எழுதுவது என்று முப்பத்திரண்டைக் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. கையேட்டிலும் காரணத்துக்கான கட்டத்தை அவர் விட்டபடியே நானும் காலியாக விட்டிருக்கிறேன். ஒரு மாலை, வேலை எதுவும் இல்லாதபோது, அதில் எத்தனை எழுத்து உட்காரும் என்று எண்ணிப் பார்த்தேன்.

அறுபத்து நான்கு.